செத்தவன் எப்பிடிக் கதைக்கோணும்

எங்கட அம்மாவுக்கு இந்த விளையாட்டில பிடிக்காத விசயம் வெடிச்சத்தமில்லை. இரவு பத்து மணிக்கு நான் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு "சொர்க்கத்தில ரெண்டு பேர், நரகத்தில ஒராள்" எண்டு கத்துறதுதான். முதல் நாள் அகப்பையோட கதவடிக்கு வந்து "ஆரடா செத்தது?" எண்டு கேட்டவ. விளையாட்டு வலோரன்ட், ஐஞ்சு பேர் ஐஞ்சு பேரோட ஒன்லைனில சுடுறது. அதில அசென்ட் எண்டொரு மெப் இருக்கு. அந்த மெப்பில குண்டு வைக்கிற சைற் ஏ, பி எண்டு ரெண்டு. ஏ சைற்றைப் பாத்தபடி மேல ஒரு இடம். அதை எல்லாரும் ஹெவன் எண்டுதான் சொல்லுவினம். அதுக்குக் கீழ இருக்கிற மூலை ஹெல். எங்கட பொடியள் ரெண்டையும் தமிழாக்கிப்போட்டாங்கள்.

நான் யாழ்ப்பாணம் கே.கே.எஸ். வீதியில போன் திருத்துற கடை வைச்சிருக்கிறன். வயது 34. கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 எண்ட பழைய சுடுற விளையாட்டைத் திருநெல்வேலியில ஒரு நெற் கபேயில மணித்தியாலக் காசு குடுத்துப் பழகின ஆள். அப்ப கோல் (விளையாடேக்க ரீமுக்குச் சொல்லுற தகவல்) எண்டால் பக்கத்துக் கதிரைக்காரன்ர தோளில ஒரு தட்டு. இப்ப ரீமில ஐஞ்சு பேர், ஐஞ்சு வீடு: நான், கம்பஸில படிக்கிற ரெண்டு பேர், ஏ.எல். ரெண்டாந்தரம் எடுக்கிற ஒருத்தன், ரொறொன்ரோவில ஒரு மச்சான். குறி வைக்கப் பழக்கிற வீடியோக்கள் நிறைய இருக்கு, அதை அங்க பாருங்கோ. இது குறி நல்லா இருந்தும் தோத்துக்கொண்டு இருக்கிற ரீமுகளுக்கு.

கொண்டக்டர் பாசை

அப்பா பருத்தித்துறை மினிபஸ்ஸில கொண்டக்டராய் நிண்டவர். பின் கதவில தொங்கிக்கொண்டு அவர் சொல்லுறது முழுக்க ஒண்டு ரெண்டு சொல்தான். "றைற்." "பொறு." "சைக்கிள், இடம்." "ஆள் இறக்கம்." றைவர் ஒருக்காலும் திரும்பிப் பாத்ததில்லை. சைக்கிளில வாறவர் ஆர், ஏன் அந்தரப்பட்டு வாறார் எண்ட கதையெல்லாம் அப்பாவுக்குத் தெரியும், ஏனெண்டால் அது பக்கத்து வீட்டு மாமாதான். ஆனால் றைவருக்கு அது தேவையில்லை. பிரேக்கில கால் வைக்கிறதோ இல்லையோ, அதுதான் தேவை.

கோல் எண்டதும் அதுதான். நீ பாத்ததைச் சொல்லுறது கோல் இல்லை. உன்னைப் பாக்க ஏலாதவன் அடுத்த செக்கனில என்ன செய்யோணுமோ அதுக்கு உதவுறதைச் சொல்லுறது கோல்.

இதில எங்களுக்கு ஒரு சொந்தப் பிரச்சினை இருக்கு. தமிழில வினைச்சொல் கடைசியில வரும். "டேய் நான் இப்ப மிட்டால வரேக்க மார்க்கெற் பக்கம் ரெண்டு பேர் நிக்கிறதைக் கண்டனான்டா" எண்டு இயல்பாய்ச் சொல்லி முடிக்க நாலு செக்கன். (மிட், மார்க்கெற், மெயின் எல்லாம் மெப்பில இருக்கிற இடப்பெயர்.) அதுக்குள்ள அந்த ரெண்டு பேரும் உன்னையும் முடிச்சு, உன்ர கூட்டாளியையும் முடிச்சிருப்பாங்கள். ஆகவே வசனத்தை உடையுங்கோ. இடம் முதல், எண்ணிக்கை ரெண்டாவது, செய்கை இருந்தால் மூண்டாவது. "மார்க்கெற், ரெண்டு." "மெயின், ஒண்டு, ஸ்பைக்கோட." (ஸ்பைக் எண்டது சைற்றில வைக்கிற குண்டு.) எழுவாய் வேண்டாம், "டா" வேண்டாம், "கண்டனான்" வேண்டவே வேண்டாம்.

இடப்பெயரை எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லோணும். "பெட்டிக்குப் பின்னால" எண்டால் எந்தப் பெட்டி? அசென்டில பெட்டிக்குக் குறைவோ? எங்கட ஊரில வழி சொல்லுற மாதிரித்தான் அது: "பிள்ளையார் கோயிலடியால திரும்புங்கோ" எண்டு சொல்லுவினம், சந்திக்குச் சந்தி பிள்ளையார் இருப்பார். இடம், வலம் எண்டும் சொல்லாதேங்கோ, நீயும் நானும் எதிரும் புதிருமாய் நிக்கேக்க என்ர இடம் உன்ர வலம். மினி மெப்பிலயே நிக்கிற இடத்தின்ர பேர் எழுதிக் காட்டும், அதைப் பாத்துப் பழகுங்கோ. ஒரு மெப்புக்கு பன்ரெண்டு பேர் தெரிஞ்சாலே காணும். தமிழோ இங்கிலீஷோ, எனக்குப் பிரச்சினையில்லை. ஒரே இடத்துக்கு ரெண்டு பேர் வைச்சால்தான் பிரச்சினை.

அதே நேரம், எங்கட பேச்சில ரெண்டு நல்ல சாமான் கிடக்கு. இங்கிலீஷில கோல் போடுறவைக்கு அது இல்லை.

ஒண்டு "உங்க". இஞ்ச, உங்க, அங்க எண்டு மூண்டு வைச்சுக் கதைக்கிறம். இஞ்ச எண்டால் எனக்குக் கிட்ட, அங்க எண்டால் ரெண்டு பேருக்கும் தூர, உங்க எண்டால் உனக்குக் கிட்ட. "உங்க வாறான்" எண்டு சொன்னாலே கேக்கிறவன் திரும்பிடுவான். ஒரு நிபந்தனை: அதுக்கு முன்னால பேர் சொல்லோணும். வெறுமனே "உங்க" எண்டால் நாலு பேரும் திரும்புவாங்கள், சைற்றைப் பாக்க ஆளிருக்காது. இன்னொண்டு, மும்பைச் சேர்வரில சில நேரம் சென்னைப் பொடியளோட விழும். நான் "உங்க நிக்கிறான்" எண்டு சொல்ல, அவன் "எங்க என்ன ப்ரோ?" எண்டு கேட்டான். அவனுக்கு 'உங்க' எண்டால் 'உங்களுடைய'. அந்த றவுண்ட் போச்சு. அவன்ர "பின்னாடி"யை நாங்கள் விளங்கிக்கொள்ளுற மாதிரி எங்கட "கெதியா"வை அவன் விளங்கிக்கொள்ளுறானில்லை, அது வேற கவலை.

மற்றது "நிக்கிறான்", "நிண்டவன்". இப்ப என்ர கண்ணில தெரிஞ்சால் மட்டும் "நிக்கிறான்". முதல் கண்டு, இப்ப தெரியேல்லை எண்டால் "நிண்டவன்". இந்த ஒண்டை ரீமில கட்டாயமாக்கினன், பாதிச் சண்டை நிண்டிட்டுது. கோல் பாசையூர் மீன் மாதிரி, காலமை பிடிச்சதைப் பின்னேரம் புது மீன் எண்டு விக்கக்கூடாது. "மெயின், ஒண்டு, நிண்டவன்" எண்டால் நான் மெயினை மட்டும் நம்பிக்கொண்டிருக்க மாட்டன், அவன் நகர்ந்திருப்பான் எண்டு மற்ற வாசலையும் பாப்பன்.

"ங்கோ" போடாதேங்கோ

எங்கட ஏ.எல். பொடியனுக்கு 19 வயது. மெப்பை வாசிக்கிறதில அவன்தான் எங்கள் எல்லாரிலும் கெட்டிக்காரன். ஆனால் முதல் மாதம் முழுக்க வாயே திறக்கேல்லை. திறந்தாலும், "அண்ணா, ஏலுமெண்டால் கொஞ்சம் பின்னால பாக்கிறீங்களோ?" அந்த "ஏலுமெண்டால்" முடியிறதுக்குள்ள நான் செத்துக் கிடப்பன். எங்கட வளர்ப்பு அப்பிடி. பெரியாக்களுக்குக் கட்டளை போடக்கூடாது எண்டு பழக்கி வைச்சிருக்கிறம்.

இப்ப எங்களிட்ட ஒரு ஒப்பந்தம். றவுண்ட் தொடங்கினால் மரியாதை இல்லை. "அண்ணா, பின்!" எண்டால் போதும். அதுக்குப் பிறகு அவனைத்தான் கோல் போடுற ஆளாக்கினம், நாலு மூத்தாக்களும் அவன் சொல்லுறதைச் செய்யிறது. பிழையாய்ச் சொன்னாலும் செய்யிறது. ஐஞ்சு பேர் சேர்ந்து செய்யிற பிழையான வேலை, ரெண்டு பேர் ஒண்டும் மூண்டு பேர் இன்னொண்டும் செய்யிற சரியான வேலையை விட எத்தினையோ மேல். மட்ச் முடிஞ்சால் பழையபடி "அண்ணா, நாளைக்கு வாறீங்களோ?"

கோல் போடுறவனுக்கு ஒண்டு சொல்லி வையுங்கோ: நோக்கத்தையும் சொல்லு. "பி போ" எண்டால் போவம், ஆனால் ஏன் எண்டு தெரியாது. "பி போ, அவங்கள் மிட்டில மூண்டு பேர்" எண்டால் மற்றவங்களும் யோசிச்சுக்கொள்ளுவாங்கள்.

"லோ" எண்ட பொய்

செத்துக்கொண்டு போகேக்க எல்லாரும் சொல்லுற பொய் ஒண்டு இருக்கு: "அவன் லோ, லோ, ஒரு வெடிதான்!" லோ எண்டால் உயிர் குறைஞ்சு கிடக்கிறான் எண்டு. வலோரன்டில முழுக் கவசம் போட்டவனுக்கு உயிரும் கவசமும் சேத்து 150. வண்டல் துவக்கால உடம்பில ஒரு வெடி 40, தலையில 160. ரெண்டு வெடி உடம்பில பட்டால் இன்னும் 70 மிச்சம், அதாவது இன்னும் ரெண்டு வெடி. அவன் லோவே இல்லை. நீ 'லோ' எண்டு சொன்னதை நம்பி உன்ர கூட்டாளி மறைவில இருந்து வெளிய பாய்வான். எவ்வளவு அடிச்சாய் எண்டு செத்த உடன விளையாட்டே கணக்குக் காட்டும். அதைப் பாத்து "80 போட்டன்" எண்டு சொல்லு. காலில ஒரு வெடி பட்டதை "செத்த மாதிரித்தான்" எண்டு சொல்லுற ஒரு மச்சான் எனக்கு இருக்கிறான். பேர் சொல்லேல்லை, ரொறொன்ரோவில இருக்கிறான்.

அந்த றவுண்ட்

இதை ஒருக்கா வடிவாச் சொல்லோணும். நாலஞ்சு மாதத்துக்கு முந்தி பொடியள் தாங்களே வைச்ச ஒரு போட்டி. அசென்ட். முதல் பாதி 9க்கு 3 எண்டு நாங்கள் மேல. 13 எடுத்தால் வெற்றி. ரெண்டாம் பாதியில சறுக்கிச் சறுக்கி 11க்கு 12 ஆகிட்டுது. அவங்கள் பி சைற்றில ஸ்பைக்கை வைச்சிட்டாங்கள். எங்களில நான் மட்டும் மிச்சம், அவங்களில ரெண்டு பேர்.

ஸ்பைக் வைச்சதில இருந்து வெடிக்க 45 செக்கன். அதைக் கழட்ட 7 செக்கன். பாதி, அதாவது மூண்டரை செக்கன் கழட்டிப்போட்டு விட்டால் அந்தப் பாதி அப்பிடியே இருக்கும், பிறகு வந்து மிச்சத்தைக் கழட்டலாம். ஓடினால் காலடிச் சத்தம் கேக்கும், மெல்ல நடந்தால் கேக்காது. ஆகவே அந்த நேரத்தில எனக்கு இருந்த ஒரே ஆயுதம் காது.

காதில என்ன கேட்டுது? நாலு பேர். ஒருத்தன் "கழட்டு, கழட்டு". ஒருத்தன் "கழட்டாத, முதல் ஆளை எடு". மூண்டாமவன் "மெயின்ல ஒருத்தன்" (அவன் கண்டது இருபது செக்கனுக்கு முந்தி). நாலாமவன், அந்த மச்சான், தான் ஏன் செத்தவன் எண்டு விளக்கிக்கொண்டிருந்தான். நான் ஸ்பைக்கில கை வைச்சன். பாதி முடிஞ்சுது. கையை எடுத்து மெயினைப் பாத்தன், ஏனெண்டால் மெயின் எண்டு சொன்னாங்கள். மார்க்கெற் பக்கத்தால ஓடி வந்தான். மெல்ல நடந்தில்லை, ஓடி. பிறகு பதிவைப் போட்டுப் பாத்தால் சத்தம் வடிவாக் கேக்குது, டக் டக் எண்டு ஆறேழு அடி. அண்டைக்கு எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. 11க்கு 13.

ரெண்டு நாள் ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கேல்லை. பிறகு செத்தவனுக்கு எண்டு சட்டம் எழுதினம். செத்த உடன ஒரே ஒரு வரி: எங்க இருந்து அடிச்சான், எத்தினை பேர், எவ்வளவு போட்டனி. பிறகு மௌனம். உயிரோட இருக்கிறவன்ர திரையைத்தான் நீயும் பாத்துக்கொண்டிருக்கிறாய், அவனுக்குத் தெரியிறதை அவனுக்கே வாசிச்சுக் காட்டாத. அவன் கேட்டால் மட்டும் பதில்.

ஒரே ஒரு செத்தவனுக்கு மட்டும் வேலை உண்டு: நேரம் எண்ணுறது. ஸ்பைக் வைச்ச உடன மேல ஓடின மணிக்கூடு மறைஞ்சு ஸ்பைக் படம் வந்திடும். பீப் சத்தம் வரவரக் கெதியாகும், அதை வைச்சுத்தான் கணிக்கோணும். சண்டையில நிக்கிறவனால அதை எண்ண ஏலாது. முதல் செத்தவன் போனில ஸ்டொப்வோச்சை அமத்தி, "இருபது", "பத்து", "ஏழு" எண்டு மட்டும் சொல்லுவான். "ஏழு" எண்டு கேக்கேக்க கை இன்னும் ஸ்பைக்கில இல்லை, பாதியும் கழட்டேல்லை எண்டால், ஓடு, துவக்கைக் காப்பாத்து. கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஆடுறவைக்குக் கணக்கு வேற: குண்டு 40 செக்கன், கழட்ட 10, கிற் (கழட்டுற சாமான்) இருந்தால் 5. அங்க எண்ணுறவன் முதல் கேக்க வேண்டிய கேள்வி "கிற் இருக்கோ?"

காசு

இது சுருக்கம். முதல் றவுண்டில ஆளுக்கு விளையாட்டுக் காசு 800. வெண்டால் 3000, தோத்தால் 1900, தொடர்ந்து தோத்தால் 2400, பிறகு 2900. வண்டல் துவக்கோ ஃபாண்டம் துவக்கோ 2900, பெரிய கவசம் 1000. இதில மூண்டு பேர் சேமிச்சு ரெண்டு பேர் வாங்கினால் ரெண்டு துவக்கும் எதிரிக்குச் சீதனம். சீட்டுக் கட்டுற மாதிரி, எல்லாரும் ஒரே தவணையில. வாங்கிற 30 செக்கனில முதல் சொல் கோல் போடுறவன்ர: "வாங்கு" அல்லது "சேமி". காசு கூட இருக்கிறவன் குறைஞ்சவனுக்கு வாங்கிக் குடுக்கிறது. அடுத்த றவுண்டுக்குக் குறைஞ்சது எவ்வளவு வரும் எண்டு கடைத் திரையிலயே காட்டும், அதை ஒருத்தரும் பாக்கிறேல்லை.

மைக், பிங், மற்றதுகள்

மைக்கைத் திறந்தபடி விடாதேங்கோ, அமத்திக் கதைக்கிற பொத்தானை வையுங்கோ. என்ர வீட்டுக்கு ரெண்டு ஒழுங்கை தள்ளிக் கோயில். திருவிழா நேரம் லவுட்ஸ்பீக்கர் போட்டால் ரீம் முழுக்கத் தேவாரம் கேட்டுக்கொண்டுதான் விளையாடினது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் எங்கட பயிற்சி பின்னேரத்தில இருந்து நடுச்சாமத்துக்கு மாறும், அதுக்கு மைக் மட்டுமில்லை காரணம், பொடியள் ஐஸ்கிரீம் குடிக்கப் போயிடுவாங்கள்.

வெளிநாட்டில ஆள் இருந்தால்: மச்சான் போறதுக்கு முதல் இஞ்ச திறந்த கணக்கால்தான் எங்களோட வாறான், இஞ்ச இரவு பத்து எண்டால் அவனுக்குக் கோடையில மத்தியானம் பன்ரெண்டரை. பிங், அதாவது இணையத் தாமதம், இருநூறு மில்லிசெக்கனுக்கு மேல. அவனை முன்னுக்கு அனுப்பினால் மூலையால எட்டிப் பாக்க முதலே சாவு. அதால புகை போடுற வேலையைக் குடுத்திட்டம். புகைக்கு அந்தரம் இல்லை, நேரம் சொன்னால் போதும். "மூண்டு, ரெண்டு, புகை." கண்ணைக் கூச வைக்கிற பிளாஷும் அப்பிடித்தான், எறியிறவன் எறிய முதல் சொல்லோணும், எறிஞ்சாப் பிறகு சொல்லுறது மன்னிப்புக் கேக்கிறது.

பப்ஜி ஆடுறவைக்கு ஒண்டு. திரைக்கு மேல ஓடுற திசை எண்ணைச் சொல்லுறீங்கள், "220ல ஒருத்தன்" எண்டு. அது நீ நிக்கிற இடத்தில இருந்துதான் 220. பக்கத்தில நிக்கிறவனுக்குச் சரி, நூறு மீற்றர் தள்ளி நிக்கிறவனுக்கு அது வேற மரம். தூர நிண்டால் எண்ணை விட்டிட்டு மார்க் போடுங்கோ.

தெரியாத ஆக்களோட விழுந்தால் முதல் றவுண்டிலயே ஒரு நல்ல கோல் போட்டுப் பாருங்கோ. "ஹலோ, ஆரும் மைக்கில இருக்கிறீங்களோ?" எண்டு கேட்டால் ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டினம். பிரயோசனமான கோல் ஒண்டு கேட்டால் ரெண்டு பேராவது வாய் திறப்பினம். சிங்களப் பொடியளோட விழுந்தால் "பிட்டிபஸ்ஸ" எண்டால் பின்னால, "உட" எண்டால் மேல, "யட" எண்டால் கீழ, "தென்னெக்" எண்டால் ரெண்டு பேர். நாலு சொல்லோட ஒரு மட்ச் வெண்டிருக்கிறன்.

பயிற்சி

ஞாயிற்றுக்கிழமைகளில நாங்கள் செய்யிறதைச் சொல்லுறன். ஒரு மட்சைப் பேச்சோட சேத்துப் பதிவு செய்யிறது. பிறகு திரையை மூடிப்போட்டு ஒலியை மட்டும் போடுறது. கொப்பியில மெப்பைக் கீறி வைச்சு, கோலைக் கேட்டுக் கேட்டு எதிரி நிக்கிற இடத்தைப் பென்சிலால குத்துறது. றவுண்ட் முடிய நிப்பாட்டி, படத்தைப் போட்டு ஒப்பிடுறது. முதல் தடவை செய்யேக்க அந்த மட்சில 21 றவுண்ட். நான் சரியாய்க் குத்தினது நாலு றவுண்டில. மிச்சத்துக்குக் கொப்பியில இருந்தது "அங்க", "அந்தா", "டேய்", "ஐயோ". இந்தச் சண்டையில ஏச்சுக்கு இடமில்லை, ஏனெண்டால் ஆர் பிழை எண்டு பென்சில் சொல்லிடும்.

போன ஞாயிறு 24 றவுண்டில பதினேழு சரி. மச்சான் ஒரு றவுண்டில செத்து, "மார்க்கெற், ஒண்டு, 40 போட்டன்" எண்டு சொல்லிப்போட்டு நிப்பாட்டினான். அவன்ர கோடு வெட்டிட்டுது எண்டு நினைச்சு, "டேய், இருக்கிறியோ?" எண்டு நான்தான் கேட்டன்.